280 மீட்டர் ஏற்றம்

வண்டியில் ஏற நினைத்த கரடுமுரடான மலைப்பாதை அது. வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, நானும் தம்பியும் முதலில் நடந்தே ஏறினோம். மேலே போய்த் திரும்பி வர 50 நிமிடம் ஆயிற்று. பாதையின் மொத்த நீளம் 280 மீட்டர்தான். அதற்குள் ஏறத்தாழ 80 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. இந்தச் சின்னத் தூரத்தைப் பற்றித்தான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். முந்தைய வாரமே போயிருக்க வேண்டியது. இரண்டு நாள் மழையில் மண் ஊறிக் கிடந்ததால் தள்ளிப் போட்டோம். ஈர மண்ணில் ஏறினால் நாம் வழுக்குவது ஒருபுறம் இருக்கட்டும், பாதையே உழுத வயல் மாதிரி ஆகிவிடும்.

இப்படி வண்டி ஓட்டப் பேர்பெற்ற பாதைகள் பலவும் நீளமானவை. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள ரூபிகான் பாதை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வழியில் இரவு தங்கிப் போகிறவர்களே அதிகம். அந்த மாதிரி இடங்களில் அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே போக வேண்டும். குட்டையான செங்குத்துப் பாதையில் ஒவ்வொரு கல்லையும் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறலாம். ஏற முடியாமல் போனாலும், அரை மணி நேரத்தில் அதே இடத்துக்குத் திரும்ப வந்து, எங்கே பிசகியது என்று டயர் தடத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நான்கு சக்கரங்களையும் இன்ஜினே சுழற்றும் நான்கு சக்கர ஓட்டம் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் நீளமான பாதையைத் தேடி அலைய வேண்டாம் என்பேன். இப்படி ஒரு துண்டு ஏற்றத்தை எடுத்துக்கொண்டு, சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சும்மா சுழலாமல் ஏறும்வரை அதிலேயே உழைத்தால் போதும்.

நடந்து போனபோது பாதை மூன்று துண்டாகப் பிரிந்து தெரிந்தது. முதல் நூறு மீட்டர் சரளை. காலை வைத்தால் கூழாங்கற்கள் உருண்டன. ஆனால் அங்கே சரிவு குறைவு. அடுத்தது பாறை. அதன் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு படி, அந்தப் படியைக் குறுக்காக அறுத்துக்கொண்டு மழைநீர் வெட்டிய ஒரு பள்ளம். கடைசித் துண்டு வழவழப்பான ஒரே பாறைத் தளம். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் காய்ந்த பாறை டயரை நன்றாகப் பிடிக்கும். அமெரிக்காவில் மோவாப் ஊரைச் சுற்றியுள்ள மணற்பாறைக்கு வழுக்குப்பாறை என்று பெயர். குதிரைகளின் இரும்பு லாடம் அதில் வழுக்கியதால் வந்த பெயர் என்பார்கள். ரப்பர் டயருக்கு அதே பாறை கெட்டியான பிடி கொடுக்கிறது. ஆகவே எனக்குக் கவலை கடைசித் துண்டில் இல்லை, நடுவில் இருந்த படியில்தான்.

ஒரு பலகையைப் பாறைமேல் வைத்து, அதன்மேல் கைப்பேசியை வைத்துச் சரிவை அளந்தோம். அதிகபட்சம் 25 டிகிரி காட்டியது. சரிவைச் சொல்லும்போது பலர் டிகிரியையும் சதவீதத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். 100 சதவீதச் சரிவு என்றால் 45 டிகிரி, செங்குத்துச் சுவர் இல்லை. 25 டிகிரி என்பது 47 சதவீதத்தை ஒட்டி வரும். எண்ணாகக் கேட்டால் சின்னதாகத் தெரியும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முதுகு சாய்ந்து கிடக்கும்போது கண்ணாடி முழுக்க வானம்தான்.

என் வண்டி ஐந்து கதவுள்ள சுசூகி ஜிம்னி, மேனுவல் கியர். எடை 1,200 கிலோவை ஒட்டி. 25 டிகிரியில் அந்த எடையில் ஏறத்தாழ 500 கிலோ வண்டியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எடை பின்னால் போகிறது. சமதளத்தில் முன்னும் பின்னும் பாதிப் பாதி, எடையின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சரிவில் முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து தரையை அழுத்துவது 400 கிலோ அளவுக்குத்தான். பின் சக்கரங்கள் 680 அளவுக்கு. பின் சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி என்றால், அந்த 680-ஐ வைத்துக்கொண்டு 500 கிலோவைத் தள்ள வேண்டும். உருளும் சரளையில் அது நடக்கிற காரியமில்லை. நான்கும் தள்ளினால் ஒவ்வொரு டயரும் தன்மேல் இருக்கும் எடையில் பாதிக்கும் குறைவாகத் தள்ளினால் போதும். நான்கு சக்கர ஓட்டம் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நேரான பதில் இந்தக் கணக்குதான்.

முன்பக்கம் லேசாகிவிடுவதால் ஸ்டியரிங்கும் மந்தமாகும். திருப்ப வேண்டியதைச் செங்குத்தான இடத்துக்கு வருவதற்கு முன்பே திருப்பி முடித்துவிட வேண்டும்.

நான்கு சக்கரங்களையும் மெதுவான பல்விகிதத்தில் ஓட்ட வைக்கும் ஃபோர் லோ என்கிற இரண்டாவது லிவரைச் சிலர் வண்டிக்கு அதிக சக்தி கொடுக்கும் விஷயமாக நினைக்கிறார்கள். இன்ஜின் சக்தி கூடுவதில்லை. வேகம் பாதியாகிறது, இழுவை இரு மடங்காகிறது, அவ்வளவுதான். 1941-இல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பில் இந்த விகிதம் 1.97. ஜிம்னியில் இன்றும் ஏறத்தாழ 2. முதல் கியர், ஆக்சில், ஃபோர் லோ மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் 36 வரும். அதாவது இன்ஜின் 36 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும் 800 சுற்றில் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக ஊர்ந்து போகும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறவரின் நடை. 2018-இல் வந்த, மேனுவல் கியர் உள்ள ஜீப் ராங்ளர் ரூபிகானில் இந்த எண் 84. அது இன்னும் பொறுமையாக ஊரும். எனக்கு அதைப் பார்த்து ஏக்கம் உண்டு, மறைக்கவில்லை.

அடுத்து டயரின் காற்று. அதைக் குறைத்தால் பிடி கூடும். இந்த இடத்தில்தான் அன்றைக்கு அரைகுறை வேலை செய்தேன். நான்கு டயரிலும் 22 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, போதும் என்று வால்வு மூடியைத் திருகிவிட்டேன். தம்பி காற்றழுத்த மானியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் இறக்கலாமே" என்றான். மேலே ஏறி முடித்ததும் உடனே கீழே வரப்போகிறோம், பம்ப் வைத்து நிரப்ப நேரமாகும் என்று ஏதேதோ காரணம் சொன்னேன்.

அப்புறம் கை சைகை. இது மிகவும் முக்கியம், ஆனால் இதைப் பற்றி யாரும் நிறையப் பேசுவதில்லை. வெளியே நின்று வழிகாட்டுகிறவர் வண்டியைப் பார்த்து நிற்பதால் அவருடைய இடது எனக்கு வலது. படியின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போது "வலது, வலது" என்று ஒரு குரல் கேட்டால், யாருடைய வலது என்று யோசிக்கும் அந்த ஒரு நொடி போதும், டயர் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். அதனால் நாங்கள் வாயால் இடது வலது சொல்வதே இல்லை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் தம்பி கையை நீட்டுவான். மூடிய முஷ்டி என்றால் நிறுத்து. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, கல்லுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும். அவன் எப்போதும் மேல்பக்கத்தில், வண்டியின் நேர்ப்பாதையை விட்டு விலகித்தான் நிற்பான். வண்டிக்குக் கீழே சரிவில் யாரும் நிற்கக் கூடாது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும். அவன் என் கண்ணில் படாமல் போனால் நான் நிறுத்திவிடுவேன். இதில் இருவருக்கும் விட்டுக்கொடுப்பு இல்லை.

சீட் பெல்ட், மூடிய கதவு, பின்னால் உருளாமல் கட்டிய சாமான்கள், கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிக்குள் நுழைக்காமல் வெளியே வைப்பது. எல்லாம் சரிபார்த்துவிட்டு ஃபோர் லோவில் முதல் கியர் போட்டேன்.

சரளைத் துண்டு ஒன்றும் கேட்கவில்லை. படிக்கு வந்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. இடது பின் சக்கரம் படியைத் தொட்டபோது வலது பின் சக்கரம் அந்தக் குறுக்குப் பள்ளத்தின் மேல் வந்துவிட்டது. வண்டி மூலைவிட்டமாகத் தொங்கியது. வலது பின் சக்கரமும் இடது முன் சக்கரமும் காற்றில் பாதி, தரையில் பாதி. வண்டி நின்றது. அந்த நொடியில் என் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியது. லேசாகக் கிடந்த இரண்டு சக்கரங்களும் வெறுமனே சுழன்றன, சரளை பின்னால் தெறித்தது, வண்டி இருந்த இடத்திலேயே இரண்டு முறை துள்ளியது. அடியில் ஏதோ உலோகம் மோதிய சத்தம். தம்பியின் முஷ்டி மேலே போனது.

"அக்கா, நிறுத்து. அப்படியே இறக்கிடு."

ஏற முடியாமல் போன வண்டியைப் பின்னோக்கி இறக்குவதுதான் இந்தக் கலையில் முதலில் கற்க வேண்டியது என்று நான் நம்புகிறேன். ஏறக் கற்பதற்கும் முன்னால். பிரேக்கை முழுசாக மிதித்து வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் அணைந்திருந்தாலும் பதற வேண்டியதில்லை. ரிவர்ஸ் கியர், ஃபோர் லோ அப்படியே. கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, அதன்பிறகுதான் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வண்டியின் எடையை இன்ஜினே பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கும். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் லேசாகக் கிடக்கும் முன் சக்கரங்கள்தான் முதலில் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்கு ஸ்டியரிங் கட்டுப்படாது, வண்டியின் மூக்கு பக்கவாட்டில் சரியத் தொடங்கும். மூக்கு சரிந்து வண்டி சரிவுக்குக் குறுக்கே நின்றுவிட்டால் உருளும் ஆபத்து அங்கேதான். ஏற முடியவில்லை என்றதும் வண்டியைத் திருப்பி முகம் கீழே பார்க்க இறங்கிவிடலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு ஒருபோதும் இடம் கொடுக்கக் கூடாது. வந்த தடத்திலேயே, நேராக, பின்னால்.

அப்படித்தான் இறக்கினேன். சரளைத் துண்டின் நடுவில் நிறுத்தி இறங்கியபோது கால் நடுங்கியது.

படிக்கு நடந்து போய்ப் பார்த்தோம். வண்டிக்கு அடி ஒன்றும் பெரிதாக இல்லை, பின் ஆக்சில் ஒரு கல்லில் உராய்ந்திருந்தது. ஆனால் சக்கரம் சுழன்ற இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டே நொடியில் செய்த வேலை அது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தைத்தான் பிடித்துக்கொண்டு ஓடும், ஒரு பருவத்தில் அது வாய்க்கால் ஆகும். வண்டியில் கீறல் விழுந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஏன் நின்றது? ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் காற்றில் இருந்து எதிர்ப்பே இல்லை என்றால், மறு பக்கம் கெட்டியான பாறைமேல் இருந்தும் பயனில்லை. அதற்கும் கிடைப்பது கிட்டத்தட்டப் பூஜ்யம்தான். லாக்கர் உள்ள வண்டிகளில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடலாம். என் வண்டியில் லாக்கர் இல்லை. அதற்குப் பதில், சும்மா சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் தானாகவே பிடிக்கும், விசை மறு பக்கம் போகும். ஆனால் அந்த ஏற்பாடு வேலை செய்யச் சக்கரம் சுழலத் தொடங்கியதை அது உணர வேண்டும், அப்புறம் பிடிக்க வேண்டும், அதுவரை ஓட்டுகிறவர் காலை ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும். நானோ அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினேன். அது பிடிக்க நேரமே கொடுக்கவில்லை.

தம்பி படியருகே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, காலால் இடதுபக்கம் ஒரு கோடு கிழித்தான். பழைய தடத்திலிருந்து இரண்டு அடிதான் தள்ளி. "இங்க வந்தா, பின் சக்கரம் பள்ளத்துக்குள்ள இறங்காது. பள்ளத்தோட விளிம்புல ஏறும். பார்க்க இதுதான் உயரமா இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறும்." முதல் தடவை நடந்தபோது நான் உயரம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். உயரம் குறைவு, ஆனால் கோணல். முன்னால் இருக்கும் படியை மட்டும் பார்த்தேன், பின் சக்கரம் இரண்டரை மீட்டர் தள்ளி எதன்மேல் நிற்கும் என்று பார்க்கவில்லை.

கீழே போய் நான்கு டயரிலும் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். காற்றுக் குறைந்த டயரின் தடம் அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. கல்லைத் தொட்டதும் அதை வளைத்துப் பிடித்துக்கொள்கிறது, துள்ளுவதும் குறைகிறது. இதற்கு மேலும் இறக்கினால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும் அபாயம் அதிகமாகும். அந்தக் காற்றில் வேகமாகவும் போகக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது.

வேகமெடுத்து ஒரே மூச்சில் ஏறிவிடலாமே என்று கேட்கலாம். மணலில் அது சரி. ஆஸ்திரேலியாவில் சிம்சன் பாலைவனத்தின் ஓரத்தில், பேர்ட்ஸ்வில் ஊருக்கு மேற்கே, பிக் ரெட் என்று ஏறத்தாழ 40 மீட்டர் உயர மணல்மேடு இருக்கிறது. அதைக் காற்றைக் குறைத்துக்கொண்டு, கீழிருந்தே வேகம் எடுத்துத்தான் ஏறுகிறார்கள். மணல் வண்டியின் வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கும், நின்றால் புதைந்துவிடும். பாறைப் படியில் அதே வேகம் சஸ்பென்ஷனை உடைக்கும், துள்ளிய வண்டி எங்கே இறங்கும் என்பது ஓட்டுகிறவர் கையில் இருக்காது.

இரண்டாவது முறை. சரளை. படிக்கு முன்னாலேயே ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கிக்கொண்டேன். தம்பி கிழித்த கோட்டின் மேல் இடது சக்கரம். இன்ஜின் கொஞ்சம் உறுமும் அளவுக்குக் காலை வைத்து, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். முன் சக்கரங்கள் ஏறின. அவன் உள்ளங்கைகள் நெருங்கி நெருங்கி வந்தன. பின் சக்கரம் விளிம்பைத் தொட்டது. வண்டி ஒரு நொடி நின்றது, அதே இடம், அதே சாய்வு. காலை அசைக்கவில்லை. எங்கோ ஒரு சக்கரம் அரைச் சுற்றுச் சுழன்றது, பிரேக் அதைப் பிடிக்கும் கரகரப்புச் சத்தம் கேட்டது, வண்டி யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டது போல் மெல்ல மேலே எழுந்தது. அந்த எழுச்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவு எடையும் அவ்வளவு நிதானமாக, சத்தமில்லாமல் மேலே போகிறது.

பாறைத் தளம் எளிதாக வந்தது. உச்சியில் பானெட் பாதையை மறைத்தது, வானம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நடந்தபோது, உச்சி தாண்டியதும் பாதை இடதுபக்கம் மடங்குவதைப் பார்த்து வைத்திருந்தேன். சாய்ந்து நிற்கும் ஒரு மரத்தை அடையாளம் வைத்திருந்தேன். மரம் ஜன்னலுக்கு நேரே வந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். தரை மறுபடி கண்ணில் பட்டது.

இறங்குவதும் அதே வழியில்தான். அதே ஃபோர் லோ, அதே முதல் கியர், கிளட்ச் பக்கம் காலே போகக் கூடாது. இப்போது எடை முன்னால் வந்துவிடுவதால் பின்பக்கம் லேசாகும். வால் பக்கவாட்டில் வரத் தொடங்கினால் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு துளி தொட வேண்டும். சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கினால்தான் ஸ்டியரிங் கட்டுப்படும். மனசு பிரேக்கை அழுத்தச் சொல்லும் நேரத்தில் கால் எதிர்வேலை செய்ய வேண்டும் என்பதால் இதைச் சமவெளிக்குப் பக்கத்தில், சின்னச் சரிவில் பழகிக்கொள்வது நல்லது. 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் வந்தபோது அதில் ஃபோர் லோ இல்லை, இன்ஜின் பிடி போதாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பிரேக்கைத் தானாக விட்டு விட்டுப் பிடிக்கும் இறக்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று பல வண்டிகளில் அது ஒரு பொத்தானாக இருக்கிறது. என் வண்டியிலும் இருக்கிறது. அன்று நான் அதை அழுத்தவில்லை, இன்ஜினின் பிடியைக் காலில் உணர்ந்துகொண்டே இறங்க விரும்பினேன்.

கீழே வந்து பம்பை மாட்டிவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி படிக்கு நடந்து போனோம். நான் தோண்டிய பள்ளத்தில் பெரிய கற்களை அடியில் வைத்து, இடுக்கில் சின்னக் கற்களைச் சொருகி, மேலே சரளையைத் தள்ளி மிதித்தோம். இரண்டாவது தடத்தையும் பார்த்தேன். விளிம்பின்மேல் டயரின் பட்டைகள் ஒவ்வொன்றும் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தன. ஓர் இடத்தில் மட்டும், உள்ளங்கை நீளத்துக்கு, அச்சு கலைந்து தேய்ந்திருந்தது. தம்பி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னொரு அரை அடி இடது" என்றான். கீழே பம்ப் நின்ற சத்தம் கேட்டது. அடுத்த டயருக்கு மாற்ற அவன் இறங்கிப் போனான். நான் அந்த அரை அடியைக் காலால் அளந்து, பாறையில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன்.